பின்னால் வந்த ஊர்

எஸ்கலின் முதல்முறையாகப் புவெர்த்தோ கல்மா என்ற மெக்சிகோக் கரை ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ஊரும் அவள் பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டது. பாய் விரித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், நல்ல காற்று, படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது, கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்வோமே என்று அவள் திரும்பினால், கிளம்பும்போது எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரத்தில், மஞ்சள் சர்ச்சும் அதன் ஒற்றை மணிக்கூண்டும், கலங்கரை விளக்கமும், மீன் காயப்போடும் கம்பிகளும், மதுக்கடை வாசலில் படுத்திருக்கும் காது கிழிந்த நாயும் அச்சு மாறாமல் இருந்தன. நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஊரு நம்ம கூடவே வருது" என்றாள்.

சுக்கான் பிடித்திருந்த கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்தா வரட்டும்" என்றார். அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிறகு நினைத்து நினைத்து வயிறு எரிந்தாள்.

கஸ்பார் மோத்தா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல்களில் நாற்பது வருஷம் சாரங்கு வேலை பார்த்து, உலகத்து மாலுமிகளையெல்லாம் ஒரு பித்தளை விசிலால் மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த நாற்பது வருஷமும் எஸ்கலின் கரையில் நின்று கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையும் இல்லை. ஓய்வு பெற்று வந்த மனுஷன் நான்கு மாதம் வீட்டில் கூண்டுக்குள் விட்டதுபோல நடந்துவிட்டு, ஒரு சின்னப் பாய்ப்படகைக் கட்டி, அதற்குப் 'பனிமயம்' என்று மாதா பெயரை வைத்து, "நீ காத்திருந்தது போதும், இனிமே எங்க போனாலும் சேந்தே போவோம்" என்றார். அவளுக்குக் கடல் பிடிக்காது, ஆனால் புருஷனைப் பிடிக்கும், அதனால் ஏறினாள். ஆறு வருஷம் சுற்றினார்கள்.

மெக்சிகோக் கரைக்கு அவர்கள் வந்ததும் விரும்பி வந்ததல்ல. பசிபிக்கில் பாய்மரம் ஒடிந்து, எஸ்கலினுக்கு விஷக் காய்ச்சல் கண்டு, ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்தவளை நவம்பர் மாதத்து விடியலொன்றில் இந்த ஊர்க்காரர்கள்தான் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் விழித்தபோது தலைமாட்டில் தோன்யா சொகோரோ என்ற பருத்த அம்மாள் உட்கார்ந்து கோழிச்சாறு ஆற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த பனிமய மாதா மெடல் காணோம். கடலில் போயிருக்கும் என்று கஸ்பார் சொன்னார். உயிரே திரும்பி வந்திருக்கும்போது மெடலுக்கு அழுவானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பாய்மரத்தைச் சீர்செய்து முடிக்கும் நேரத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து போனில் அக்காவின் குரல்பதிவு வந்தது. மதலேனக்கா அவளோடு பேசிப் பதினொரு வருஷம். அம்மா செத்த அன்று, அம்மாவின் கையில் யாருடைய ஜெபமாலையைச் சுற்றுவது என்று பெட்டிக்கு முன்னாலேயே இரண்டு பேரும் சண்டை போட்டு, அதோடு முகம் திருப்பிக்கொண்டவர்கள். இப்போது அந்தக் குரலில் பாதிதான் குரல், மீதி மூச்சு. "ஏளா எஸ்கலி, டாக்டர் தவக்காலம் வரைக்கும் தாங்குனா பெருசுன்னுட்டாவ. ஒன்னய ஒருதரம் பாக்கணும். வந்துருளா." எஸ்கலின் அதை ஒன்பது தடவை கேட்டாள். மறுநாளே படகில் சாமான் ஏற்றினார்கள். விமான நிலையம் உள்ள பெரிய துறைமுகம் ஒன்று ஐந்து நாள் ஓட்டத்தில் இருந்தது. அங்கே போய் ஏறிவிடலாம் என்று கிளம்பியதுதான் முதலில் சொன்ன பயணம்.

மூன்று நாள் ஓடியும் ஊர் விடவில்லை. பகலில் பள்ளிக்கூடத்து மணி கேட்டது, சோள ரொட்டி சுடும் வாசனை பாயில் ஒட்டியது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இவர்கள் படகிலிருந்தபடியே முழங்காலிட வேண்டியதாயிற்று. நாலாம் நாள் காலையில் ஊர்த் தலைவர் தொன் எவாரிஸ்தோ, மதுக்கடை முதலாளியும் அவரே, துடுப்புப் படகொன்றில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தோன்யா எஸ்கலின், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அம்மா என்பதற்கு அங்கே தோன்யா. "ஊருக்கே குமட்டுது. கோழி முட்டை போடல. கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது. கொஞ்சம் திருப்பிக்கிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

திருப்பினார்கள். ஊர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ஆனால் கொஞ்சம் கோணலாக. அதுவரை மேற்கு பார்த்திருந்த சர்ச் தெற்கு பார்த்தது, காலை வெயில் நேராக மதுக்கடைக்குள் விழுந்தது, குடிகாரர்கள் சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமார் எஸ்கலினுக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

கடல் வழி ஆகவில்லை என்றால் தரைவழி. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எஸ்கலின் தனியாகப் பஸ் ஏறினாள். கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்வரை ஊர் அசையவில்லை, தாண்டினதும் எழுந்து வந்தது. பஸ் மலை ஏறியது, ஊரும் ஏறியது, கள்ளிக்காட்டின் நடுவே கடற்கரை வந்து விரிந்தது, முள்ளுக்கு மேலே வலைகள் காய்ந்தன, பஸ்ஸின் பின்கண்ணாடியில் தோன்யா சொகோரோ துணி உலர்த்திக்கொண்டே கை காட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு அவரவர் தூக்கத்தைப் பார்த்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"சேன்யோரா, உங்க சாமானா அது?"

"ஆமா" என்றாள் எஸ்கலின். வேறென்ன சொல்வது?

"முன்னால பாலம் வருது. பஸ் போகும், சர்ச் போகாது."

இறங்கிக்கொண்டாள். சாலையோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். மஞ்சள் சர்ச் நூறடி தள்ளி மரியாதையாக நின்றது. பிறகு அவள் எழுந்து வந்த வழியே நடக்க, ஊரும் பின்வாங்கிப் பின்வாங்கி, பொழுது சாய்வதற்குள் கடலைத் தொட்டது.

அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கூட்டம் போட்டார்கள். எஸ்கலின் வெளியே போவதாக இருந்தால் ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், அலமாரிகளுக்குக் கயிறு கட்ட வேண்டும், பிள்ளை பெறும் நாள் நெருங்கிய பெண்கள் வலைத்தூளியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அப்புறம் யாரோ ஒரு மீனவனுக்கு யோசனை வந்தது. வடக்கே பத்து மைலில் மத்திக்கூட்டம் இறங்கியிருக்கிறது, இங்கிருந்து படகு விட்டுப் போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடும், தோன்யா எஸ்கலினே ஒரு நடை வடக்கே போய்வந்தால் ஊரே மீனுக்குப் பக்கத்தில் போய்விடுமே! நயமாகத்தான் கேட்டார்கள். சாய்வு நாற்காலி போட்ட கழுதை வண்டியில் அவளை உட்காரவைத்துக் குடை பிடித்து அழைத்துப் போனார்கள். வியாழன்தோறும் வடக்கே மத்திக்கு. வெயில் கூடினால் மலை நிழலுக்கு. மழை வேண்டுமானால் மேகம் இருக்கும் பக்கத்துக்கு. அடுத்த ஊர்க்காரர்கள் மட்டும், எங்கள் கடற்கரையில் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு இரண்டு கூடை மீன் கொடுத்துச் சரிக்கட்டினார்கள்.

நீலக்கதவு போட்ட வீடு கொடுத்தார்கள். தினம் ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு. தெருவில் அவள் நடந்தால் குழந்தைகள் முத்தம் கொடுத்தார்கள். செக்குமாட்டுக்கும் பிண்ணாக்கு உண்டு, கழுத்தில் மணி உண்டு, பொங்கலன்று கொம்புக்கு வர்ணம்கூட உண்டு. எஸ்கலினுக்கு மூச்சு முட்டியது. திட்டவாவது ஒரு முகம் வேண்டும், இங்கே எல்லா முகமும் சிரித்த முகம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "வந்துருளா" என்றது அது. தவக்காலத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

கஸ்பாரோ வேறு ஆளாகியிருந்தார். கப்பலில் ஒரு பல்கூடக் காட்டாத சாரங்கு மதுக்கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அந்த மூவரில் ஒருவருக்கும் கஸ்பார் என்றே பெயர் என்பதால், காகிதக் கிரீடம் வைத்து அவரைக் கழுதைமேல் ஏற்றினார்கள். கழுதையும் அவரும் ஊர் முழுக்க மிட்டாய் இறைத்துக்கொண்டு போனார்கள். அன்று மாலை அவர், "ஏட்டி, எறங்குன எடத்துல எல்லாம் அந்நியனாத்தான் எறங்கியிருக்கேன். இங்கதான் என் பேரே என்னயத் தேடி வந்திருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எஸ்கலின் கிரீடத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி அந்த ஊர்க் கந்தேலாரியா மாதாவுக்குத் திருநாள். கையில் மெழுகுதிரி பிடித்த மாதா. திருநாளுக்கு முன்தினம் மாதாவின் மரச் சுரூபத்துக்குப் புதுத்துணி உடுத்தும் உரிமை தோன்யா சொகோரோவின் வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான். அந்த வருஷம் அவள் எஸ்கலினையும் கூப்பிட்டாள். அது சாதாரணக் கௌரவம் இல்லை. சர்ச் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் மாதாவின் பழைய அங்கியைக் கழற்றினார்கள். இடதுகைச் சட்டையை மெல்ல உருவியபோது, மரத்தாலான அந்த மணிக்கட்டில், பாய் தைக்கும் மெழுகு நூலில் கட்டி ஒரு வெள்ளி மெடல் தொங்கியது.

எஸ்கலின் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. மெடலை விடுங்கள், அந்த முடிச்சு போதும். கஸ்பாருக்கு இடதுகைப் பழக்கம், உலகத்தில் எல்லாரும் வலம் சுற்றி இழுக்கும் முடிச்சை அவர் இடம் சுற்றி இழுப்பார்.

"நேர்ச்சைப் பொருளை நாங்க அவிழ்க்க மாட்டோம்" என்றாள் சொகோரோ. "உங்க வீட்டுக்காரர் வந்த முதல் நாளே கட்டினது. அழுதுகிட்டே கட்டினார். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

எஸ்கலின் புது அங்கியின் பொத்தான்களைக் கடைசிவரை போட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். தூத்துக்குடிக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் போகிற நோய், புயல் என்று வந்தால், வீட்டில் உள்ளவர்கள் அந்த ஆளை மாதாவுக்கோ அந்தோணியாருக்கோ அடிமை வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். ஆபத்து நீங்கியபின் கோயிலுக்குப் போய் அடிமையை மீட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். வைத்தவர்தான் மீட்க வேண்டும். மீட்கும்வரை அந்த ஆள் அந்தக் கோயிலுக்குச் சொந்தம். எஸ்கலினையே ஆறு வயதில் அம்மைக்கு இப்படி வைத்து, ஏழு வயதில் மீட்டிருக்கிறார்கள்.

நீலக்கதவு வீட்டில் கஸ்பார் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னய அடிமை வச்சீங்களா?"

அவர் கை நின்றது. "ஏழு நாளு நீ கண்ணத் தொறக்கல எஸ்கலி. மரம் ஒடிஞ்சு போச்சு, தண்ணி இல்ல. எந்தக் கரையில மொதல்ல வெளக்குத் தெரியுதோ, அந்தக் கரை மாதாவுக்கு இவள அடிமை வைக்கேன்னு கத்துனேன். சொல்லி வாய மூடல, இந்த ஊரு வெளக்குத் தெரிஞ்சுது."

"சரி. அது எனக்காக வச்சது. நான் எந்திரிச்சு நடந்ததும் மீட்டிருக்கணும்லா?"

அவர் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தார்.

"ஊரு பின்னாலயே வந்துச்சே, அப்ப தெரியும் ஒங்களுக்கு. ரோட்டுல பெட்டிமேல ஒக்காந்து அழுதேனே, அப்பவும் தெரியும். ஒவ்வொரு வியாழக்கெழமையும் என்னய வண்டில வச்சு இழுத்துட்டுப் போறாவளே, அப்பவும் தெரியும். அக்கா கெடக்கா அங்க. எதுக்கு மீட்கல? சொல்லுங்க."

கஸ்பார் உப்புக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மீட்டா நீ கெளம்புவ" என்றார். "நீ கெளம்புனா நானும் கெளம்பணும். நான் இங்க மனுசனா இருந்தேன் எஸ்கலி. நாலு நாள் இருந்துக்குவோம், நாலு நாள் இருந்துக்குவோம்னு தள்ளிட்டே வந்துட்டேன். தப்புத்தான்."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது, மடியில் போட்டு அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "நாப்பது வருசம் நீங்க வாரீயளான்னு பாத்துட்டுக் கெடந்தேன்" என்றாள். "ஒரு நாள் ஒங்களப் புடிச்சுக் கட்டி வச்சனா?" சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் திருநாள் பூசை முடிந்து, மெழுகுதிரிகளோடு ஊரே சர்ச்சுக்குள் நின்றுகொண்டிருக்கும்போது கஸ்பார் பீடத்தண்டை போனார். சாமியாருக்கு இதற்கு என்ன ஜெபம் சொல்வது என்று தெரியவில்லை, அவர்கள் புத்தகத்தில் அடிமை வைப்பதும் இல்லை, மீட்பதும் இல்லை. அதனால் கஸ்பார் தமிழிலேயே சொன்னார். வைத்தது நான், மீட்பதும் நான், உன் கை வெறுங்கையாக இருக்க வேண்டாம் தாயே, அவளுக்குப் பதில் என்னை வைத்துக்கொள். தோன்யா சொகோரோ மாதாவின் சட்டைக்கையை விலக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் இடதுகையால் அந்த முடிச்சை அவிழ்த்து மெடலை எடுத்து, கழுத்தில் கிடந்த பித்தளை விசிலைக் கழற்றி அதே நூலில் அதே முடிச்சாகக் கட்டினார்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் எஸ்கலினின் பின்னால் கலங்கரை விளக்கம் வரைக்கும் போனார்கள். அவள் விளக்கத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தாள், பத்து அடி வைத்தாள், நூறு அடி வைத்தாள். ஊர் அசையவில்லை. யாரும் கை தட்டவில்லை. சில பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்ப வியாழக்கிழமை?" என்றார் தொன் எவாரிஸ்தோ, மெதுவாக.

"நான் போறேன்" என்றார் கஸ்பார். "வண்டி வேண்டாம். நான் நடந்துக்குவேன்."

அடுத்த நாள் காலைப் பஸ்ஸுக்கு அவர்தான் பெட்டியைத் தூக்கிவந்தார். பஸ் உறுமத் தொடங்கியதும் எஸ்கலின் அவருடைய சட்டைக்காலரைச் சரிசெய்தாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

"அக்காவ விட்டுட்டு வர முடியலன்னா சொல்லு. நான் கெளம்பி அங்க வாரேன்."

"நீங்க வந்தா ஊரும்லா வரும்? நானூறு பேருக்கு நான் எங்க எல போடுவேன்?"

அவர் சிரித்தார். அந்த ஊர் கற்றுக்கொடுத்த சிரிப்புதான். அவள் ஏறி, கடைசி இருக்கையில் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியது. அப்போதுதான் அந்த ஊர் சின்னதாக ஆரம்பித்தது. முதலில் காது கிழிந்த நாய் தெரியாமல் போயிற்று, பிறகு துணி உலர்த்தும் கொடிகள், பிறகு நீலக்கதவு, பிறகு சாலை நடுவில் நின்றுகொண்டிருந்த அவர். எத்தனை நாள் இந்த ஊர் ஒரு விரற்கடையாவது சிறுக்காதா என்று மன்றாடியிருக்கிறாள்! இப்போது அது சிறுக்கச் சிறுக்க, போதும், இதோடு நில்லு என்று கண்ணாடியில் கையை வைத்தாள். மணிக்கூண்டு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, மலைத் திருப்பத்தில் அதுவும் போயிற்று. பாலத்தைப் பஸ் சுலபமாகத் தாண்டியது.

மதலேனக்கா அவளுக்காக உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். தூத்துக்குடியில் கடலைப் பார்த்த சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். வந்த முதல் நாள் இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். இரண்டாம் நாள் அக்கா சொன்னாள், "அம்மா கையில ஒன் மாலையத்தான்ளா சுத்துனேன். பெட்டிய மூடுறதுக்கு முன்னால மாத்துனேன். ஒங்கிட்டச் சொல்ல வீம்பு." எஸ்கலினுக்குக் கோபம் வரவில்லை. சொல்லாமல் தள்ளிப்போட்ட இன்னொரு ஆளைத்தான் நினைத்துக்கொண்டாள்.

தவக்காலம் வந்து, பாதி போய்விட்டது. அக்கா தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குக் கஞ்சி கொடுத்து, முதுகு துடைத்து, தலைவாரிப் பின்னிவிட்டு, தினமும் காலையில் எஸ்கலின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மெடல் கழுத்தில் கிடக்கிறது. எதிரே கடல் காலியாக, தட்டையாக, வானம்வரைக்கும் போகிறது. நாற்பது வருஷம் கரையில் நின்று பார்த்த அதே கடல்தான்.

அன்றைக்கு அக்கா தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, "என்னளா அப்படிப் பாக்க? கப்பலு வருதா?" என்று கேட்டாள்.

"கப்பல் இல்லக்கா" என்றாள் எஸ்கலின். "ஊரு வருதான்னு பாக்கேன்."